கோப்பையில் இருப்பது என்ன? – சேர்வராயன் மலையிலிருந்து ஒரு சிந்தனை



சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் மலைச்சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. விடுமுறை நாள்களில் இந்தச் சாலையில் ஏறி வரும் வண்டிகளில் நம் பங்கு இளையோரும் இருக்கிறார்கள். படிப்புக்காகவும் வேலைக்காகவும் பெங்களூருக்குப் போனவர்கள், கிறிஸ்து பிறப்பு விழாவுக்கும் உயிர்ப்புப் பெருவிழாவுக்கும் வீடு திரும்புகிறார்கள். அவர்களோடு புதிய கேள்விகளும் வருகின்றன. அவற்றில் ஒன்று இது:

"இது டாஸ்மாக் சரக்கு இல்லை. சிறிய கூடத்தில் கையால் பக்குவமாகச் செய்த பீர். இரசாயன உரம் போடாமல் விளைந்த தானியம். செயற்கை நிறமோ மணமோ கிடையாது. இதை ஒரு கோப்பை சுவைத்துக் குடித்தால் என்ன தவறு? பழைய துறவிகளே பீர் செய்திருக்கிறார்களே?"

"சும்மா இரு, குடி குடிதான்" என்று வாயை அடைப்பது எளிது. ஆனால் கேள்வியில் உண்மையும் இருக்கிறது. கூடவே ஒரு மயக்கமும் இருக்கிறது. இரண்டையும் பிரித்துப் பார்ப்பது பெற்றோருக்கும் இளையோருக்கும் உதவும் என்று நம்புகிறோம்.

கிராஃப்ட் பீர் என்றால் என்ன?

பீருக்கு அடிப்படைப் பொருள்கள் நான்கு: தண்ணீர், பார்லி, ஹாப்ஸ், ஈஸ்ட். பார்லியை ஊறவைத்து முளைகட்டி உலர்த்துகிறார்கள். நம் வீடுகளில் குழந்தைக்குக் கஞ்சி காய்ச்சக் கேழ்வரகை முளைகட்டி உலர்த்தி அரைப்பதைப் போன்ற வேலைதான் இது. முளைக்கும்போது தானியத்தில் உண்டாகும் நொதிகள், பிறகு வெந்நீரில் ஊறவைக்கும்போது மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றுகின்றன. அந்த இனிப்பு நீரை வடிகட்டி, ஹாப்ஸ் என்னும் கொடியின் பூக்களைச் சேர்த்துக் கொதிக்க வைக்கிறார்கள். ஹாப்ஸ் கசப்பையும் மணத்தையும் தருகிறது. எளிதில் கெடாமலும் காக்கிறது. ஆறிய நீரில் ஈஸ்ட் சேர்த்தால், அது சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலையும் கரியமில வாயுவையும் உண்டாக்குகிறது. சில நாள்கள் நொதித்து, சில வாரங்கள் பக்குவப்பட்டபின் பீர் தயார்.

பெரிய ஆலைகள் ஒரே சுவையில் இலட்சக்கணக்கான பாட்டில்களை நிரப்புகின்றன. சிறு கூடங்களோ குறைந்த அளவில், பலவகைத் தானியங்களையும் மணப்பொருள்களையும் கொண்டு செய்து, பெரும்பாலும் அங்கேயே பரிமாறுகின்றன. இதையே கிராஃப்ட் பீர் என்கிறார்கள். இந்தியாவில் 2009ஆம் ஆண்டு புனேயில் தொடங்கிய டூலாலி இவ்வகைக் கூடங்களின் முன்னோடிகளில் ஒன்று. அதற்குப்பின் சில ஆண்டுகளிலேயே பெங்களூர் இவற்றுக்குப் பெயர் பெற்ற நகரமாகிவிட்டது.

இயற்கை வேளாண்மையில் விளைந்த பொருள்களால் பீர் செய்யும் முயற்சியும் புதியதல்ல. ஜெர்மனியின் பவேரியாவில் நொய்மார்க்ட் ஊரிலுள்ள லம்ஸ்பிராய் என்ற நிறுவனம் 1980களிலேயே சுற்று வட்டார உழவர்களோடு ஒப்பந்தம் செய்து, இயற்கை முறையில் விளைந்த பார்லியையும் ஹாப்ஸையும் பயன்படுத்தத் தொடங்கியது. அதே பவேரியாவில், பார்லி, ஹாப்ஸ், தண்ணீர் தவிர வேறெதையும் பீரில் சேர்க்கக் கூடாது என்று 1516ஆம் ஆண்டிலேயே சட்டம் இருந்தது.

துறவு மடங்களும் பீரும்

"துறவிகளே பீர் செய்தார்கள்" என்பது உண்மை. திருச்சபை பீரைப் பாவப் பொருளாகக் கருதியதில்லை. பழைய உரோமைச் சடங்கு நூலில் ரொட்டிக்கும் பழங்களுக்கும் ஆசி மன்றாட்டு இருப்பதுபோலப் பீருக்கும் ஓர் ஆசி மன்றாட்டு உண்டு. 2012ஆம் ஆண்டு திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் அவர்களால் மறைவல்லுநராக அறிவிக்கப்பட்ட பிங்கன் நகர்ப் புனித ஹில்டெகார்ட் (1098–1179) தம் மருத்துவ நூலில் ஹாப்ஸைப் பற்றி எழுதியிருக்கிறார். அதன் கசப்பு பானங்களைக் கெடாமல் காக்கும் என்று சொன்ன அதே இடத்தில், அது மனிதனின் மனச்சோர்வை மிகுதியாக்கும் என்றும் சொல்கிறார். நன்மையையும் தீமையையும் சேர்த்தே பார்த்த கண் அது.

ஆனால் கதையின் மறுபாதியையும் நம் இளையோர் அறியவேண்டும். புனித பெனடிக்ட் தம் சபை ஒழுங்கின் 40ஆம் அதிகாரத்தில், பானத்தின் அளவைப் பற்றி எழுதுகிறார். திராட்சை மது துறவிகளுக்கு ஏற்றதே அல்ல என்று சொல்லப்பட்டாலும், தம் காலத்துத் துறவிகளை அதற்கு இணங்க வைக்க முடியாததால், நிறைவு கொள்ளும்வரை குடிக்காமல் குறைவாகக் குடிக்கவாவது இணங்குவோம் என்பது அவருடைய நிலைப்பாடு. நாளொன்றுக்கு ஒரு சிறு அளவை வரையறுத்துவிட்டு, அதையும் விலக்கி வாழ யாருக்கு இறைவன் அருள்கிறாரோ அவர்களுக்குத் தனிக் கைம்மாறு உண்டு என்கிறார்.

அந்த ஒழுங்கைப் பின்பற்றும் டிராப்பிஸ்ட் துறவிகளின் பீர் இன்று உலகப் புகழ் பெற்றது. டிராப்பிஸ்ட் முத்திரை பெற மூன்று நிபந்தனைகள் உண்டு: மடத்தின் வளாகத்துக்குள்ளேயே தயாரிக்க வேண்டும், துறவிகளின் மேற்பார்வையில் நடக்க வேண்டும், வருமானம் மடத்தின் தேவைக்கும் அறப்பணிக்கும் போகவேண்டும். பெல்ஜியம் நாட்டின் வெஸ்ட்வ்லேட்டரன் ஊரிலுள்ள புனித சிக்ஸ்துஸ் மடத்தின் பீரை, 2005ஆம் ஆண்டு இணையத்தில் சுவைஞர்கள் உலகிலேயே சிறந்தது என்று மதிப்பிட்டார்கள். மடத்து வாசலில் வண்டிகள் வரிசை கட்டி நின்றன. வேறு யாராக இருந்தாலும் ஆலையைப் பெரிதாக்கியிருப்பார்கள். அந்தத் துறவிகள் அளவைக் கூட்டவில்லை. தங்கள் வாழ்வுக்குத் தேவையான வருமானம் வந்தால் போதும், எஞ்சிய நேரம் செபத்துக்கு உரியது என்று இருந்துவிட்டார்கள்.

துறவிகளிடமிருந்து பீரை மட்டும் கடன் வாங்கி, அவர்களின் அளவையும் நோன்பையும் மணியோசையையும் விட்டுவிட்டு வந்தால், அவர்களை நமக்குச் சாட்சியாக அழைக்க முடியுமா? இதைத்தான் நம் பிள்ளைகளிடம் அன்போடு கேட்கவேண்டும்.

'இயற்கை' எதை மாற்றுகிறது? எதை மாற்றுவதில்லை?

இயற்கை வேளாண்மை நல்லது. மண் புழுவுக்கு நல்லது. கிணற்று நீருக்கு நல்லது. மருந்து தெளிக்கும் கூலித் தொழிலாளியின் நுரையீரலுக்கு நல்லது. 2015ஆம் ஆண்டு மே 24 அன்று கையெழுத்திட்ட 'லவுதாத்தோ சி' சுற்றுமடலில், நமது பொதுவான இல்லமாகிய பூமியைப் பேணும்படி திருத்தந்தை பிரான்சிஸ் அவர்கள் கேட்டுக்கொண்டார். எனவே, 'இது எப்படி விளைந்தது?' என்று கேட்டு வாங்கும் பழக்கம் கிறிஸ்தவனுக்கு உரிய பழக்கமே.

ஆனால் 'இயற்கை' என்ற சொல் வயலைப் பற்றிய சொல். ஆல்கஹாலைப் பற்றிய சொல் அல்ல. இரசாயன உரத்தில் விளைந்த பார்லியிலிருந்தும், தொழு உரத்தில் விளைந்த பார்லியிலிருந்தும் ஈஸ்ட் உண்டாக்கும் ஆல்கஹால் ஒன்றே. நம் தென்னங்கள்ளும் பனங்கள்ளும் முழுக்க இயற்கைதான். அதனால் அவை போதை தராமல் இருந்ததில்லை.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 5 விழுக்காடு ஆல்கஹால் உள்ள பீர், 500 மி.லி. கோப்பை ஒன்றில் 25 மி.லி. ஆல்கஹால் இருக்கும், எடையில் ஏறக்குறைய 20 கிராம். கடையில் விற்கும் 'குவார்ட்டர்' என்னும் 180 மி.லி. பாட்டிலில் 42.8 விழுக்காடு ஆல்கஹால். எடையில் ஏறக்குறைய 60 கிராம். அதாவது, மூன்று கோப்பை 'இயற்கை' பீர் குடித்தவரும் ஒரு குவார்ட்டர் குடித்தவரும் உள்ளே செலுத்திய ஆல்கஹால் கிட்டத்தட்டச் சமம். ஒருவர் குளிரூட்டிய அறையில் நண்பர்களோடு குடித்தார்; மற்றவர் சாலையோரம் நின்று குடித்தார். இருவருடைய கல்லீரலுக்கும் இந்த வேறுபாடு தெரியாது.

உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, மதுபானங்களை 1988ஆம் ஆண்டிலேயே புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வகையில் சேர்த்தது. உடல்நலத்துக்கு முற்றிலும் பாதுகாப்பான குடி அளவு என்று ஒன்றில்லை என்பதை அந்நிறுவனம் 2023 ஜனவரியில் வெளிப்படையாகவே அறிவித்தது. இதை அச்சுறுத்தச் சொல்லவில்லை. தெரிந்து தெரிவு செய்யவேண்டும் என்பதற்காகச் சொல்கிறோம்.

இன்னொன்று. நம் நாட்டில் பீருக்கான பார்லி பெரும்பாலும் இராஜஸ்தான், அரியானா போன்ற வட மாநிலங்களில் விளைகிறது. ஹாப்ஸ் இமாசலப் பிரதேசத்தின் லாகூல் பள்ளத்தாக்கில் கொஞ்சம் விளைந்தாலும், பெரும்பகுதி கடல் கடந்து வருகிறது. எந்த மண்ணில் விளைந்தது, யார் உழுதார் என்று அறிந்து குடிக்கும் இன்பத்தைத் தேடுகிறவர், தம் கோப்பையைப் பற்றி இந்தக் கேள்வியையும் கேட்டுப் பார்க்கலாம்.

நம் சேலம் பட்ட பாடு

மதுவைப் பற்றிப் பேச நம் மாவட்டத்துக்குத் தனி உரிமை உண்டு. ஏற்காடும் அடங்கிய சேலம் மாவட்டத்தில்தான், 1937ஆம் ஆண்டு அக்டோபர் 1 அன்று, சென்னை மாகாணத்திலேயே முதன்முதலாக மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது. அப்போது மாகாணத்தின் பிரதமராக இருந்தவர் இராஜாஜி. சேலத்தில் வழக்குரைஞராகவும் நகராட்சித் தலைவராகவும் இருந்தவர். 1925இல் திருச்செங்கோட்டுக்கு அருகே புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமத்தைத் தொடங்கி, குடியால் நொடிந்த குடும்பங்களை நேரில் கண்டவர். மதுவிலக்குப் பரப்புரைக்காகவே 1929இல் 'விமோசனம்' என்ற இதழை நடத்தினார். எழுத்தாளர் கல்கி அதில் அவருக்குத் துணை நின்றார்.

மது வருமானத்தை இழந்த அரசு, அதை ஈடுகட்ட 1939இல் விற்பனை வரியைக் கொண்டுவந்தது. ஒரு குடும்பம் குடிக்காமல் இருப்பதற்கு ஊர் முழுவதும் விலை கொடுக்க முன்வந்த காலம் அது. 1948இல் மாகாணம் முழுவதும் மதுவிலக்கு பரவியது. பிறகு 1971இல் அது தளர்த்தப்பட்டதும், மீண்டும் வந்ததும், 1981இல் மறுபடியும் விலக்கப்பட்டதும், 1983இல் டாஸ்மாக் தோன்றியதும், 2003இல் சில்லறை விற்பனையும் அதன் கைக்குப் போனதும் நாம் அறிந்தவை.

சட்டம் மட்டும் போதாது என்பதையும் நம் மலைகள் கண்டிருக்கின்றன. நமக்கு அடுத்த மலைத்தொடரான கல்வராயன் மலைப்பகுதி நெடுங்காலமாகக் கள்ளச்சாராயத்துக்குப் பேர்போனது. 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து 60க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இறந்தவர்களில் பெரும்பாலோர் அன்றாடக் கூலிகள். அந்தத் தெருக்களில் ஒரே நாளில் எத்தனை வீடுகளில் அடுப்பு அணைந்தது என்பதை நாம் மறக்கலாகாது. அவர்கள் கோப்பையில் இருந்தது என்ன என்று கேட்க அவர்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

வசதியுள்ளவரின் 'சுவைத்துக் குடித்தல்' வேறு, ஏழையின் குடி வேறு என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். ஆனால் ஒரே பங்கில், ஒரே பீடத்தைச் சுற்றி இருவரும் நிற்கிறோம்.

இறைவார்த்தை என்ன சொல்கிறது?

மறைநூல் இரண்டையும் சொல்கிறது. மனித உள்ளத்தை மகிழ்விக்கும் திராட்சை மதுவுக்காக ஆண்டவரைப் புகழ்கிறது திருப்பாடல் (திபா 104:15). கானாவூரில் ஆண்டவர் செய்த முதல் அரும் அடையாளமே திருமண வீட்டின் மகிழ்ச்சியைக் காத்ததுதான் (யோவா 2:1-11). வயிற்று உபாதைக்காகச் சிறிது மது அருந்தும்படி திமொத்தேயுவுக்கு ஆலோசனை சொல்கிறார் பவுலடியார் (1 திமொ 5:23).

அதே மறைநூல், விடியற்காலையிலேயே மதுவைத் தேடி ஓடுவோருக்கு ஐயோ கேடு என்கிறது (எசா 5:11). கண் சிவந்து, தள்ளாடி, அடிபட்டும் வலி தெரியாமல், விழித்ததும் மீண்டும் மதுவைத் தேடும் குடிகாரனின் நிலையை நீதிமொழிகள் நூல் அப்படியே படம் பிடிக்கிறது (நீமொ 23:29-35). சீராக்கின் ஞானம் இரண்டையும் ஒரே இடத்தில் வைக்கிறது: அளவோடு இருந்தால் மகிழ்ச்சி, அளவு மீறினால் கசப்பும் சண்டையும் (சீஞா 31:25-31). திருமுழுக்கு யோவான் மது அருந்தவில்லை. ஆண்டவர் இயேசு விருந்துகளில் கலந்துகொண்டார் (லூக் 7:33-34). இரண்டு வழிகளுக்கும் இறையாட்சியில் இடமுண்டு.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு வார்த்தை நம் மனத்தைத் தைக்கிறது. என் சகோதரனுக்குத் தடைக்கல்லாக இருக்குமானால், நான் இறைச்சி உண்ணாமலும் மது அருந்தாமலும் இருப்பதே நல்லது என்கிறார் பவுல் (உரோ 14:21). 'எனக்கு இது கெடுதல் செய்யுமா?' என்ற கேள்வியோடு கிறிஸ்தவன் நிற்பதில்லை. 'என் பக்கத்தில் இருப்பவனை இது என்ன செய்யும்?' என்றும் கேட்கிறான்.

குடியை விட்டு ஆறு மாதம் ஆன ஒருவரை எண்ணிப்பாருங்கள். மனைவி மறுபடியும் காதில் கம்மல் போட்டிருக்கிறார். பிள்ளைகள் அப்பா வரும் வழியைப் பயமின்றிப் பார்க்கிறார்கள். குடும்ப விழா ஒன்றில் அன்பான மைத்துனர் ஒருவர் வந்து, "மாமா, இது ஆர்கானிக், ஒன்றும் செய்யாது" என்று ஒரு கோப்பையை நீட்டுகிறார். அந்த ஒரு சொல்லில் ஆறு மாதத் தவம் கரையக்கூடும். நீட்டியவர் கெட்டவர் அல்ல. அவர் நீட்டிய கோப்பைக்கு ஒரு நல்ல பெயர் இருந்தது, அவ்வளவுதான்.

அயர்லாந்தின் டப்ளின் நகரில் மாட் டால்பட் (1856–1925) என்ற கூலித் தொழிலாளி வாழ்ந்தார். சிறுவயதிலேயே குடிக்கு அடிமையானவர். 1884இல், 28ஆம் வயதில், மூன்று மாதம் குடிப்பதில்லை என்று உறுதி எடுத்தார். மூன்று மாதம் ஆறு மாதமாகி, பின்பு வாழ்நாள் முழுவதுமாயிற்று. திருப்பலிக்குப் போகும் வழியில் தெருவிலேயே இறந்த அவரை, 1975ஆம் ஆண்டு திருத்தந்தை ஆறாம் பவுல் வணக்கத்துக்குரியவராக அறிவித்தார். நம் பங்குகளிலும் பெயர் தெரியாத மாட் டால்பட்டுகள் இருக்கிறார்கள். அவர்களுக்கு நம் விருந்துகள் பாதுகாப்பான இடமாக இருக்கின்றனவா?

நம் மலையின் பானம்

கிராஃப்ட் பீரைத் தேடும் இளையோரிடம் ஒரு நல்ல ஏக்கம் இருக்கிறது. ஆலையில் வந்த ஒரே சுவை சலித்துவிட்டது. மண்ணின் மணம் வேண்டும். செய்தவரின் கைப்பக்குவம் வேண்டும். நண்பர்களோடு அமர்ந்து அவசரமின்றிச் சுவைக்க வேண்டும். இந்த ஏக்கம் தவறல்ல. அதற்கு விடை நம் மலையிலேயே இரு நூற்றாண்டுகளாக இருக்கிறது. அதுதான் காப்பி.

1820களில் சேலம் மாவட்ட ஆட்சியராக இருந்த எம்.டி. காக்பர்ன், சேர்வராயன் மலையில் காப்பியைப் பயிரிட வழிசெய்தார். ஏற்காட்டின் கிரேஞ்ச் தோட்டம் அவர் பெயரோடு சேர்த்தே நினைக்கப்படுகிறது. 1894இல் கன்னியரும் 1917இல் மான்ட்ஃபோர்ட் சகோதரரும் இங்கே பள்ளிகளைத் தொடங்கியபோது, இந்த மலை ஏற்கெனவே காப்பி மலையாகிவிட்டிருந்தது. இந்தியக் காப்பி வாரியம் இன்றும் சேர்வராயன் மலையைத் தனியொரு காப்பி வட்டாரமாகவே குறிப்பிடுகிறது. இங்கு விளைவது முக்கியமாக அராபிகா வகை.

இந்தக் காப்பி நிழலில் வளர்வது. மேலே சில்வர் ஓக்கும் பலாவும் குடை பிடிக்கின்றன. மரங்களில் மிளகுக்கொடி ஏறுகிறது. இடையிடையே ஆரஞ்சு நிற்கிறது. மார்ச், ஏப்ரலில் கோடை மழை விழுந்த சில நாள்களில் மல்லிகை மணத்தோடு பூ வெடிக்கிறது. காய் பழுக்க எட்டு, ஒன்பது மாதம் ஆகும். நவம்பரிலிருந்து பெண்கள் கூடை கட்டி, சிவந்த பழத்தை மட்டும் பார்த்துப் பார்த்துப் பறிக்கிறார்கள். பச்சையை விட்டுவிட்டுச் சில நாள் கழித்து அதே செடிக்குத் திரும்ப வருகிறார்கள். ஒரு கிலோ பச்சைக் கொட்டைக்குச் சுமார் 6 கிலோ பழம் வேண்டும்.

பறித்த அன்றே பழத்தின் தோலை இயந்திரத்தில் நீக்கி, வழவழப்போடு இருக்கும் கொட்டையைத் தொட்டியில் ஒரு நாளுக்கு மேல் நொதிக்க விடுகிறார்கள். பீரைப் போலவே இங்கும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள்தான் வேலை செய்கின்றன. அவை வழவழப்பைக் கரைத்ததும் நல்ல நீரில் கழுவி, களத்தில் பரப்பி, வெயிலில் கிளறிக் கிளறிக் காயவைக்கிறார்கள். நேரம் கொஞ்சம் மிஞ்சினால் புளிப்பு ஏறிவிடும். அனுபவமுள்ள தொழிலாளி கையால் தேய்த்துப் பார்த்தே பதம் சொல்லிவிடுவார். இது கைத்தொழில் இல்லையென்றால் வேறெது?

இதையே இயற்கை முறையில் செய்வது இன்னும் கடினம். அராபிகாவின் பெரிய எதிரி வெள்ளைத் தண்டுத் துளைப்பான் என்னும் வண்டு. அது புகுந்த செடியைப் பிடுங்கி எரிப்பதே வழி. நிழல் குறைந்த தோட்டத்தில் அதன் தொல்லை மிகுதி. எனவே மரங்களைக் காப்பதே முதல் மருந்தாகிறது. களைக்கொல்லிக்குப் பதிலாகக் கையால் களை வெட்டவேண்டும். காப்பிப் பழத்தோலை மட்கவைத்து உரமாக்க வேண்டும். காப்பி போன்ற நீண்டகாலப் பயிரில், இரசாயனத்தை நிறுத்திய உடனே சான்றிதழ் கிடைக்காது. மாறுதல் காலமாக மூன்று ஆண்டுகள் பொறுத்திருக்க வேண்டும். அந்த ஆண்டுகளில் விளைச்சல் குறையலாம், விலையோ பழைய விலைதான். 'இயற்கை' என்று பொதியில் அச்சிட்ட சொல்லுக்குப் பின்னால் ஓர் உழவரின் இத்தனை பொறுமை இருக்கிறது.

அச்சிட்டதையெல்லாம் நம்பவும் வேண்டாம். தேசிய இயற்கை விளைபொருள் திட்டத்தின் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். காப்பித்தூளில் சிக்கரி எத்தனை விழுக்காடு என்பதும் பொதியில் இருக்க வேண்டும். 49 விழுக்காடு வரை சேர்க்கச் சட்டம் அனுமதிக்கிறது. அதாவது சில வேளை நாம் குடிப்பதில் பாதிதான் காப்பி.

முத்திரை சொல்லாத ஒன்றும் உண்டு. பறித்த கைக்கு நியாயமான கூலி கிடைத்ததா? கதிரவன் மறையுமுன் கூலியைக் கொடுத்துவிடு என்கிறது இணைச்சட்டம் (இச 24:14-15). கொடுக்காமல் பிடித்த கூலி கூக்குரலிடுகிறது என்கிறார் யாக்கோபு (யாக் 5:4). இம்மலையின் பழங்குடியினரான மலையாளி மக்களும், தோட்டத் தொழிலாளரும் சிந்திய வியர்வை ஒவ்வொரு டம்ளரிலும் இருக்கிறது. அதை நினைத்துக் குடிப்பதும் ஒருவகை நன்றி மன்றாட்டே.

நாம் செய்யக்கூடியவை

முதலாவது, வீட்டில் பேசுங்கள். பெங்களூரிலிருந்து வரும் மகனையோ மகளையோ குற்றவாளிக் கூண்டில் நிறுத்தாமல், மேலே சொன்ன கணக்கை அவர்களோடு சேர்ந்து போட்டுப் பாருங்கள். தமிழ்நாட்டில் 21 வயதுக்குக் குறைந்தோருக்கு மது விற்கக் கூடாது என்பது சட்டம் என்பதையும் நினைவூட்டுங்கள்.

இரண்டாவது, குடித்தவர் வண்டி ஓட்டக் கூடாது. 100 மி.லி. இரத்தத்தில் 30 மி.கி. ஆல்கஹாலுக்கு மேல் இருந்தால் சட்டப்படி குற்றம். குடிபோதையில் தம் உயிருக்கும் பிறர் உயிருக்கும் ஆபத்து விளைவிப்போர் பெரும் குற்றத்துக்கு ஆளாகிறார்கள் என்று கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலும் (எண் 2290) கற்பிக்கிறது. 20 வளைவுகள் கொண்ட நம் சாலையில் இதை விளக்கத் தேவையில்லை.

மூன்றாவது, திருமுழுக்கு, புதுநன்மை, திருமண விருந்துகளை மது இல்லாமல் நடத்த ஒவ்வொரு அன்பியமும் முடிவெடுக்கலாம். அதற்கு மாற்றாக நல்ல காப்பியைப் பெருமையோடு பரிமாறலாம். பருவத்தில் பதநீரும் உண்டு. கலயத்தில் சுண்ணாம்பு தடவி இறக்கினால் பதநீர். தடவாமல் விட்டால் கள். ஒரே பாளை, ஒரே சாறு. உள்ளே தடவிய சிறிது சுண்ணாம்பு அதை எல்லாரும் குடிக்கும் பானமாகக் காக்கிறது. தன்னடக்கம் என்ற நற்பண்புக்கு நம் முன்னோர் கண்ட உவமை என்றே இதைச் சொல்லலாம்.

நான்காவது, குடியிலிருந்து மீள விரும்புவோரை மறைவாகவும் மரியாதையோடும் பங்குத்தந்தையிடமோ, மருத்துவரிடமோ, மீட்புக் குழுக்களிடமோ அழைத்துச் செல்லுங்கள். குடிநோய் மருத்துவம் தேவைப்படும் நோய். அறிவுரை மட்டும் அதை ஆற்றாது.

சிந்திப்போம்

கானாவூர்த் திருமண வீட்டில் இரசம் தீர்ந்ததை முதலில் கண்டது அன்னை மரியா. அந்த வீட்டாரின் மானம் போய்விடக் கூடாதே என்று தாய் மனம் பதறியது. நம் வீடுகளில் இன்று எது தீர்ந்துபோகிறது என்பதையும் அந்தத் தாய் காண்கிறார். சில வீடுகளில் சிரிப்பு தீர்ந்திருக்கிறது. சில வீடுகளில் அரிசி. சில வீடுகளில் அப்பாமேல் இருந்த நம்பிக்கை.

அடுத்த முறை ஒரு கோப்பை நம் முன் வைக்கப்படும்போது மூன்று கேள்விகளைக் கேட்போம். இது எப்படி விளைந்தது? இது என்னை என்ன செய்யும்? என்னோடு அமர்ந்திருப்பவரை என்ன செய்யும்? மூன்றுக்கும் நன்றியோடு பதில் சொல்ல முடிந்தால், அந்தக் கோப்பையை ஆண்டவரின் கொடையாக ஏற்கலாம். ஒன்றுக்குப் பதில் சொல்லத் தயங்கினாலும் கீழே வைத்துவிடலாம். அதனால் விருந்து குறைந்துவிடாது.

கதிரோனின் வெப்பத்தையும் மலையின் பனியையும் உழைப்போரின் கைகளையும் நமக்குத் தந்த இறைவன், நம் இல்லங்களின் மகிழ்ச்சியைக் காத்தருள்வாராக. ஆமென்.